முட்டைகோஸ் உடம்புக்கு என்ன செய்கிறது?

காய்கறிக் கடையில் முட்டைகோஸுக்கு என்றைக்குமே பெரிய மரியாதை கிடையாது. விலை குறைவு, எல்லா மாதமும் கிடைக்கும், ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம்கூடத் தாங்கும். அதனாலேயே வேறு காய் இல்லாத நாளில் கை போகிற காயாக ஆகிவிட்டது. நம்மில் பலருக்கு அது அறிமுகமானதே ஹாஸ்டல் மெஸ்ஸிலோ கல்யாணப் பந்தியிலோதான். அண்டாவில் குழைய வேகவைத்து, தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிட்டுத் தாளித்த பொரியல். அதோடு பிடிக்காமலும் போயிருக்கும்.

இன்னொரு பக்கம், வாட்ஸ்அப்பைத் திறந்தால் முட்டைகோஸ் சாறு அல்சரை ஆற்றும், கேன்சரை விரட்டும், ஒரே வாரத்தில் எடையைக் குறைக்கும் என்று வருகிறது. அதே வாட்ஸ்அப்பில், தைராய்டு இருந்தால் தொடவே கூடாது, அதிலுள்ள புழு மூளைக்கு ஏறிவிடும் என்றும் வருகிறது. எதை நம்புவது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டைகோஸ் மருந்து அல்ல. ஆனால் இந்த விலைக்கு இவ்வளவு நல்லது செய்கிற காய்கள் அதிகம் இல்லை. அந்த நல்லதில் எவ்வளவு நம் தட்டுக்கு வந்து சேர்கிறது என்பது பெரும்பாலும் நாம் நறுக்குகிற விதத்திலும் சமைக்கிற விதத்திலும் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் சத்துப் பட்டியலைவிட அடுப்படி விஷயம்தான் அதிகம் வரும்.

உள்ளே என்ன இருக்கிறது?

100 கிராம் முட்டைகோஸ் என்றால் பொடியாக நறுக்கியது ஒரு நல்ல கிண்ணம் நிறைய வரும். அதில் 92 கிராம் வெறும் தண்ணீர். மீதியில் சுமார் 6 கிராம் மாவுச்சத்து, அதற்குள்ளேயே இரண்டரை கிராம் நார்ச்சத்து. மொத்தம் 25 கலோரிதான். பொட்டாசியம் 170 மில்லிகிராம் அளவில், கால்சியம் 40 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. ஃபோலேட்டும் ஓரளவு உண்டு. இவையெல்லாம் பல காய்களில் இருப்பவைதான். முட்டைகோஸின் பலம் வைட்டமின் சி, வைட்டமின் கே, அப்புறம் அதன் குடும்பத்துக்கே உரிய சில கந்தகச் சேர்மங்கள்.

பச்சை முட்டைகோஸ் 100 கிராமில் வைட்டமின் சி ஏறத்தாழ 35 மில்லிகிராம். நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வேண்டும். அதாவது ஒரு கிண்ணம் முட்டைகோஸிலேயே பெண்ணின் அன்றாடத் தேவையில் பாதிக்கு மேல் இருக்கிறது. ஆரஞ்சு, எலுமிச்சை என்றால் உடனே வைட்டமின் சி ஞாபகம் வருகிற நமக்கு முட்டைகோஸ் ஞாபகத்துக்கே வருவதில்லை.

வரலாற்றில் அப்படி இல்லை. 1768-ல் எண்டெவர் கப்பலில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ஜேம்ஸ் குக், உப்பில் புளிக்கவைத்த முட்டைகோஸைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு போனார். மாதக்கணக்கில் கடலில் இருக்கும் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், பழைய காயம்கூடத் திறந்துகொள்ளும். ஸ்கர்வி என்ற அந்த நோயில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். வைட்டமின் என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாத காலம் அது. ஆனால் புளித்த முட்டைகோஸ் உதவும் என்ற எண்ணம் இருந்தது. மாலுமிகள் முதலில் அதைத் தொடவில்லை. குக் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அதிகாரிகளின் மேஜையில் தினமும் பரிமாறச் செய்தார், மற்றவர்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஒரு வாரம் போவதற்குள், ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்க வேண்டிய நிலை வந்ததாக அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தப் பயணத்தில் வேறு நோய்களால் பலர் இறந்தார்கள். ஸ்கர்வியால் யாரும் இறக்கவில்லை. முட்டைகோஸ் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, கரையில் இறங்கும் இடத்திலெல்லாம் கீரையும் காயும் தேடிப் பிடித்தார்கள். ஆனாலும் அதற்கு ஒரு பங்கு உண்டு.

அதற்கப்புறம் 160 ஆண்டு கழித்து, ஹங்கேரியைச் சேர்ந்த ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி ஒரு புதிய பொருளைப் பிரித்தெடுத்தபோது, அவர் எடுத்துக்கொண்டவை அட்ரினல் சுரப்பி, ஆரஞ்சு, முட்டைகோஸ். அந்தப் பொருள்தான் வைட்டமின் சி என்று பிறகு உறுதியானது. 1937-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சத்து நம் ஊருக்கு ஏன் முக்கியம் என்றால், ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. கீரை, பருப்பு, கேழ்வரகு போன்றவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. அதே வேளைச் சாப்பாட்டில் வைட்டமின் சி இருந்தால் உறிஞ்சுவது கூடும். கேழ்வரகுக் களிக்கோ பருப்புச் சாதத்துக்கோ தொட்டுக்கொள்ள அதிகம் வேகாத கோஸ் பொரியல் இருந்தால் அது வெறும் தொடுகறி மட்டும் இல்லை. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இந்த லாபம் குறைந்துவிடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது.

அரிவாள்மனையில் நடக்கும் வேதியியல்

முட்டைகோஸை மெல்லிசாக நறுக்கும்போது நறுக்கிய இடத்தில் முகத்தைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். மூக்கில் லேசாக ஏறும் ஒரு காரம் இருக்கும். கடுகை அரைத்தால் வரும் அதே காரம். முழுக்காயை முகர்ந்தால் அது வராது. நறுக்கினால்தான் வரும்.

காரணம் இதுதான். இலையில் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மங்கள் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் இடத்திலும் தனித்தனியாக இருக்கின்றன. புழு கடித்தாலும் கத்தி பட்டாலும் நாம் மென்றாலும் செல்கள் உடைந்து இரண்டும் கலந்துவிடும். கலந்ததும் ஐசோதயோசயனேட் என்ற காரமான பொருட்கள் உண்டாகின்றன. செடிக்கு இது தற்காப்பு. பெரும்பாலான பூச்சிகள் இந்தக் காரத்துக்கு ஓடிவிடும். கடுகு, முள்ளங்கி, டர்னிப் எல்லாம் இதே குடும்பம், அதனால்தான் எல்லாவற்றிலும் இந்தக் காரம் ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. காலிஃபிளவர், ப்ரோக்கோலி, நூக்கல் ஆகியவை இன்னும் நெருங்கிய உறவு. முட்டைகோஸும் அவையும் ஒரே இனச் செடிதான். விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக ஒன்றில் இலையையும் ஒன்றில் பூவையும் ஒன்றில் தண்டையும் பெருக்கி எடுத்துவிட்டார்கள்.

ஐசோதயோசயனேட்டுகள் நம் உடம்புக்குள் போனால், வேண்டாத வேதிப்பொருட்களை வெளியேற்ற உதவும் சில நொதிகளைக் கல்லீரலிலும் குடலிலும் தூண்டுகின்றன. கேன்சரோடு முட்டைகோஸின் பெயர் சேர்ந்து அடிபடுவதற்கு இதுதான் அடிப்படை. ஆய்வுக்கூடத்து செல்களிலும் எலிகளிலும் கிடைத்த முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. மனிதர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வுகளில், இந்தக் குடும்பத்துக் காய்களை அதிகம் சாப்பிடுகிறவர்களுக்குச் சில வகைப் புற்றுநோய்கள் சற்றுக் குறைவாக வருவதாகச் சிலவற்றில் தெரிகிறது, சிலவற்றில் தெரியவில்லை. அதிகம் காய் சாப்பிடுகிறவர்கள் பொதுவாகவே புகைபிடிப்பது குறைவு, நடப்பது அதிகம் என்ற சிக்கலும் இருக்கிறது. எனவே கேன்சரைத் தடுக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. வந்த கேன்சரைக் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் அது பொய், அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது உயிருக்கே ஆபத்து.

சரி, இந்த வேதியியல் சமையலில் என்னவாகிறது? நொதிக்குச் சூடு ஆகாது. நறுக்கிய உடனே கொதிக்கிற தண்ணீரில் போட்டால் நொதி செயலிழந்து, குளுக்கோசினோலேட் அப்படியே தங்கிவிடும். அதிலும் ஒரு பகுதி தண்ணீரில் கரைந்து போய்விடும். நம் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் மீதியைக் கொஞ்சம் மாற்றித் தரும், ஆனால் அது நொதி செய்கிற அளவுக்கு வராது. அதனால் கோஸை முதலில் நறுக்கி வைத்துவிட்டு, அப்புறம் வெங்காயம் உரிப்பது, தேங்காய் துருவுவது போன்ற வேலைகளைச் செய்யலாம். அந்தச் சற்று நேரத்தில் நொதி தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அது நம் சமையலிலேயே இருக்கிறது. கடுகிலும் இதே நொதி உண்டு. வெந்த ப்ரோக்கோலியில் கடுகுத்தூளைத் தூவி ஆராய்ந்தபோது, சூட்டில் இழந்த வேதிவினை மறுபடி நடப்பது தெரிய வந்தது. ஆனால் தாளிப்பில் வெடித்த கடுகு இதற்கு உதவாது, எண்ணெய்ச் சூட்டில் நொதி போய்விடும். பச்சைக் கடுகை அரைத்துச் சேர்த்தால்தான் பலன். தேங்காய், பச்சை மிளகாயோடு அரை ஸ்பூன் பச்சைக் கடுகை அரைத்துத் தயிரில் கலந்து செய்கிற கடுகுப் பச்சடி தெரியும் அல்லவா? ஆவியில் லேசாக வாட்டி ஆறவைத்த கோஸை அதில் போட்டால் ருசியும் பிரமாதமாக இருக்கும்.

பொரியலை எப்படிச் செய்தால் சத்து தங்கும்?

முட்டைகோஸ் பிடிக்காது என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் பிடிக்காதது அதிகம் வெந்த முட்டைகோஸ். நேரம் ஆக ஆக அதன் கந்தகச் சேர்மங்கள் உடைந்து, அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற வாயுக்கள் கிளம்பும். குக்கரில் மூன்று விசில் விட்ட கோஸ் வீடு முழுக்க மணப்பது இதனால்தான். அதே நேரத்தில் வைட்டமின் சி தண்ணீரில் கரைந்து, சூட்டிலும் சிதைந்து போயிருக்கும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அதோடு சாக்கடைக்குப் போகிறது.

வாணலியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளிய காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. கடுகு வெடித்ததும் கோஸையும் உப்பையும் போட்டு, தீயைக் கூட்டி ஒரு புரட்டுப் புரட்டுங்கள். தண்ணீர் ஊற்றவே வேண்டாம். காயே 92 சதவீதம் தண்ணீர். உப்பு பட்டதும் அது தானாக விட்டுக்கொடுக்கும். மூடிபோட்டு நடுத்தரத் தீயில் ஐந்தாறு நிமிடம். இலை நிறம் மாறாமல், கடித்தால் லேசாக நறுக்கென்று இருக்கும்போதே தேங்காய்த் துருவலைத் தூவி இறக்கிவிட வேண்டும். ஊறவைத்த பாசிப்பருப்பு சேர்ப்பதென்றால் அதைத் தனியாக முக்கால் பதம் வேகவைத்துக் கடைசியில் கலந்தால், பருப்புக்காகக் கோஸைக் குழைய விட வேண்டியதில்லை. பருப்பில் புரதமும் கூடுகிறது. எண்ணெயையும் தேங்காயையும் பற்றிப் பயப்பட வேண்டாம், அளவாக இருந்தால் போதும். வைட்டமின் கே கொழுப்பில் கரைவது, கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் உடம்பில் சேரும்.

கூட்டு செய்தால் வேகவைத்த தண்ணீர் கூட்டிலேயே இருந்துவிடும், அதுவும் நல்ல முறைதான். சாம்பாருக்கும் அதே கணக்கு. முதலில் இலைகளைக் கழுவிவிட்டு அப்புறம் நறுக்குங்கள். நறுக்கியதைத் தண்ணீரில் ஊறப்போட்டால் சத்து கரைந்து போகும்.

கோயம்புத்தூர் ரோட்டுக்கடைக் காளான் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அதில் காளானைவிட முட்டைகோஸ்தான் அதிகம். மைதாவும் சோளமாவும் பிசைந்து எண்ணெயில் பொரித்தெடுத்து, பிறகு மசாலாவில் உதிர்த்துப் போடுவார்கள். ருசிக்குக் குறைவில்லை. ஆனால் அதையும் பக்கோடாவையும் ஃப்ரைட் ரைஸையும் முட்டைகோஸ் சாப்பிட்ட கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வயிறும் வாயுவும்

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காயும் பழமுமாக 400 கிராமாவது சாப்பிடவும் சொல்கிறது. வெள்ளைச் சோறும் இட்லியும் தோசையுமாகப் போகிற நாளில் இந்த அளவை எட்டுவது கடினம். ஒரு கிண்ணம் கோஸில் இரண்டரை கிராம் கிடைக்கிறது. அதில் ஒரு பகுதி மலத்தை இளக்கி மலச்சிக்கலைக் குறைக்கும். இன்னொரு பகுதி பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கு உணவு. அவை அதைப் புளிக்கவைத்து, ப்யூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே இந்த ப்யூட்டிரேட்தான்.

இதே புளிப்பில்தான் வாயுவும் வருகிறது. முட்டைகோஸில் ராஃபினோஸ் என்ற ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது. அதை உடைக்கிற நொதி நம் சிறுகுடலில் கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போக, பாக்டீரியாக்கள் அதைத் தின்று வாயுவை வெளியிடுகின்றன. கந்தகமும் சேர்வதால் வாடை. இது நோய் அல்ல. காய் அதிகம் சாப்பிட்டுப் பழகாத ஒருவர் திடீரென்று ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டால் வயிறு உப்பத்தான் செய்யும். கால் கிண்ணத்தில் ஆரம்பித்து வாரங்கள் போகப் போகக் கூட்டினால் பெரும்பாலோருக்குப் பழகிவிடும். பெருங்காயமும் இஞ்சியும் சேர்ப்பது நல்ல பழக்கம், ஆனால் அளவைக் குறைப்பதுதான் கைகண்ட வழி. எரிச்சல் குடல் நோய் உள்ளவர்கள் தங்களுக்கு எவ்வளவு ஒத்துக்கொள்கிறது என்று பார்த்து அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இது நிம்மதியாகச் சாப்பிடக்கூடிய காய். மாவுச்சத்து குறைவு. ஆனால் கோஸே சர்க்கரையைக் குறைத்துவிடாது. தட்டில் பாதியைக் காயால் நிரப்பி, அதனால் சோறு குறைந்தால் சர்க்கரை கட்டுக்குள் வரும். எடைக்கும் இதே கதை. ஏழு நாள் முட்டைகோஸ் சூப் மட்டும் குடிக்கிற டயட்டில் இரண்டு மூன்று கிலோ குறைவது உண்மை. அதில் பெரும்பகுதி உடம்பிலிருந்து வெளியேறிய தண்ணீர், பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் திரும்பி வரும். அந்த ஏழு நாளும் புரதம் கிடைக்காமல் தசையும் கரையும். அப்படிப் பட்டினி கிடப்பதற்குப் பதிலாக, வாரத்தில் மூன்று நாள் பொரியலாகச் சாப்பிட்டால் ஆண்டு முழுக்கப் பலன் இருக்கும்.

அல்சர் விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது, ஏனென்றால் அது வெறும் வதந்தி இல்லை. 1949-ல் அமெரிக்காவில் கார்னெட் செனி என்ற மருத்துவர் 13 அல்சர் நோயாளிகளுக்குப் பச்சை முட்டைகோஸ் சாறு கொடுத்து, புண் சீக்கிரம் ஆறியதாக எழுதினார். அதிலுள்ள ஒரு பொருளுக்கு வைட்டமின் யு என்றுகூடப் பெயர் வந்தது. அது உண்மையில் வைட்டமின் அல்ல. 13 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980-களில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிதான் பெரும்பாலான அல்சர்களுக்குக் காரணம் என்று காட்டினார்கள், 2005-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். இன்றைக்கு அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கப் பரிசோதனை இருக்கிறது, இரண்டு வார மாத்திரையில் ஒழித்துவிடலாம். அந்தச் சிகிச்சையை விட்டுவிட்டுச் சாறு குடித்துக்கொண்டிருப்பது வீண்.

தைராய்டு இருந்தால்?

நம் வீடுகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். தைராய்டு மாத்திரை போட ஆரம்பித்த அன்றே கோஸ், காலிஃபிளவர் இரண்டையும் நிறுத்திவிடும் பெண்கள் எத்தனையோ பேர்.

பயத்துக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. 1928-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆய்வுக்காக வளர்த்த முயல்களுக்குக் கழுத்தில் தைராய்டு வீங்குவதைக் கவனித்தார்கள். அவற்றுக்குத் தினமும் தீனியே முட்டைகோஸ்தான். மேலே சொன்ன அதே குளுக்கோசினோலேட்டுகளில் சில உடையும்போது வரும் பொருட்கள், தைராய்டுச் சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதையும் ஹார்மோன் தயாரிப்பதையும் தடுக்கக்கூடியவை. இது உண்மை.

ஆனால் நாம் முயல் போல நாள் முழுக்க அதையே தின்பதில்லை. அயோடின் கலந்த உப்பு சாப்பிடுகிறவருக்கு, வாரத்தில் சில நாள் ஒரு கிண்ணம் வெந்த கோஸ் சாப்பிடுவதால் தைராய்டு கெடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சமைக்கும்போது நொதி செயலிழப்பதால் இந்தப் பொருட்கள் உண்டாவதும் குறைகிறது. ஒரே பொருளின் இரண்டு முகம் இது. நொதி வேலை செய்தால் ஐசோதயோசயனேட்டும் அதிகம், தைராய்டைத் தடுக்கும் பொருளும் அதிகம். ஆகவே தைராய்டு குறைவு உள்ளவர்கள் பச்சையாக நிறையச் சாப்பிடுவது, தினமும் சாறு குடிப்பது ஆகியவற்றைத் தவிர்த்து, சமைத்து அளவாகச் சாப்பிடலாம். அயோடின் இல்லாத கல்லுப்பை, இந்துப்பை மட்டுமே வீட்டில் பயன்படுத்துகிறவர்கள்தான் இதில் கவனமாக இருக்க வேண்டும், அவர்களுக்கு முதல் தேவை உப்பை மாற்றுவது. மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போடுவதும், பரிசோதனையைத் தவறாமல் செய்வதும் கோஸை ஒதுக்குவதைவிடப் பல மடங்கு முக்கியம்.

உண்மையிலேயே கவனம் தேவைப்படுகிறவர்கள் வேறு சிலர். அவர்களைப் பற்றி யாரும் வாட்ஸ்அப்பில் எழுதுவதில்லை. செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள், ரத்தக்கட்டி வந்தவர்கள் வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைச் சாப்பிடுவார்கள். இந்த மாத்திரை வைட்டமின் கே-க்கு எதிராக வேலை செய்வது. 100 கிராம் முட்டைகோஸில் வைட்டமின் கே 76 மைக்ரோகிராம். ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்குப் போதுமான அளவு என்று அமெரிக்காவில் வகுத்திருப்பது பெண்களுக்கு 90, ஆண்களுக்கு 120. மாதக்கணக்கில் தொடாமல் இருந்துவிட்டு ஒரு வாரம் தினமும் கோஸும் கீரையுமாகச் சாப்பிட்டால் மாத்திரையின் வேலை குறைந்து ரத்தம் கட்டலாம். வழக்கமாகச் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தக்கசிவு வரலாம். ஒதுக்கத் தேவையில்லை, வாரா வாரம் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க வேண்டும், மருத்துவரிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு முட்டைகோஸ் பொதுவாக அனுமதிக்கப்படும் காய்களில் ஒன்று. அவர்கள் மட்டும் வேகவைத்துத் தண்ணீரை வடிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

மூளைப் புழு, இலைப் புழு

முட்டைகோஸில் இருக்கும் புழு மூளைக்குப் போய் வலிப்பை உண்டாக்கும் என்ற பேச்சில் இரண்டு வெவ்வேறு புழுக்கள் குழம்பிக் கிடக்கின்றன.

இலைகளுக்கு நடுவில் நாம் பார்க்கிற பச்சைப் புழு பெரும்பாலும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. இலையில் சின்னச் சின்ன ஓட்டைகள் போடுவது இதுதான். மனித உடம்பில் அது வாழாது. மற்ற பூச்சிகளை விரட்டுகிற அந்தக் கடுகுக் காரம் இதற்கு மட்டும் அழைப்பு மணம். அதை மோப்பம் பிடித்துத்தான் முட்டையிட வருகிறது. அதனாலேயே கோஸ் வயலில் இடையிடையே கடுகு வரிசை விதைத்து, பூச்சியைக் கடுகுக்கு இழுத்துவிடும் முறையை வேளாண் அறிஞர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மூளைக்குப் போவது பன்றி நாடாப்புழுவின் முட்டையிலிருந்து வரும் இளம்புழு. இது கண்ணுக்குத் தெரியாது. நாடாப்புழு உள்ள ஒரு மனிதரின் மலத்தில் அதன் முட்டைகள் வெளியேறும். திறந்தவெளியில் மலம் கழித்தாலோ சாக்கடைத் தண்ணீர் பாய்ந்தாலோ அந்த முட்டைகள் காய்களில் ஒட்டிக்கொள்ளும். அவற்றைப் பச்சையாக விழுங்கினால் குடலில் பொரிந்து, ரத்தத்தில் கலந்து, தசை, கண், மூளை என்று போய்த் தங்கும். மூளையில் தங்கினால் வலிப்பு வரும். நம் நாட்டில் வலிப்புக்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. ஆக ஆபத்து நிஜம்தான், ஆனால் அது முட்டைகோஸின் குணம் அல்ல. கேரட், வெள்ளரி, கொத்தமல்லி, முள்ளங்கி, எதைச் சரியாகக் கழுவாமல் பச்சையாகச் சாப்பிட்டாலும் அதே ஆபத்து. கோஸில் மடிப்புகள் அதிகம் என்பதால் கழுவுவது கடினம், அவ்வளவுதான். நன்றாக வெந்தால் முட்டைகள் செத்துவிடும். அதனால் பொரியலைப் பற்றிப் பயமே வேண்டாம். பயப்பட வேண்டியது தெருவோரக் கடையில் தட்டின் மேல் தூவித் தரும் பச்சைக் கோஸுக்கு.

பூச்சிமருந்து விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வைரமுதுகு அந்துப்பூச்சி மருந்துகளுக்குச் சீக்கிரம் பழகிவிடும். ஜாவாவில் 1950-களின் தொடக்கத்திலேயே டி.டி.டி-க்கு அசராத கூட்டம் தோன்றிவிட்டது. ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்று என்று விவசாயி அடிக்க வேண்டியிருக்கிறது, அவர்மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. படிவதில் பெரும்பகுதி வெளி இலைகளில்தான் இருக்கும். எனவே மேலே உள்ள இரண்டு மூன்று இலைகளை யோசிக்காமல் எடுத்துப் போட்டுவிடுங்கள். அப்புறம் காயை நான்காகப் பிளந்து, இலைகளைப் பிரித்து, ஓடுகிற குழாய்த் தண்ணீரில் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் ஒளிந்திருக்கும் இலைப்புழு மிதந்து வெளியே வரும், ஆனால் நாடாப்புழு முட்டையை அது கொல்லும் என்று நம்பி இருக்கக் கூடாது. வீட்டில் சாலட் செய்ய ஆசைப்பட்டால் நடுவில் உள்ள இறுக்கமான இலைகளை மட்டும் இப்படிக் கழுவி எடுங்கள், அல்லது கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் இரண்டு நிமிடம் காட்டுங்கள்.

சாலட்டுக்கு ஊதா முட்டைகோஸ் கிடைத்தால் வாங்கலாம். விலை கூடுதல், ஆனால் வைட்டமின் சி பச்சையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, நாவல்பழத்துக்கு நிறம் தருகிற ஆந்தோசயனினும் நிறைய. எலுமிச்சைச் சாறு விட்டால் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும், உப்புத்தண்ணீர் ஊர்களில் குழாய்த் தண்ணீரில் வேகவைத்தால் நீலம் பாயும்; இரண்டும் சாப்பிடத் தகுந்தவையே.

கடையில் எடுக்கும்போது இரண்டு காய்களைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவில் எது கனமோ அதை எடுங்கள், உள்ளே இலை இறுக்கமாக இருக்கும். அடித்தண்டு வெட்டிய இடம் காய்ந்து கறுத்திருந்தால் அறுவடை ஆகி நாளாகிவிட்டது. பாதியாக வெட்டி பிளாஸ்டிக் சுற்றி வைத்திருப்பதைவிட முழுக்காய் நல்லது, வெட்டிய முகத்தில் வைட்டமின் சி காற்றுப்பட்டுக் குறைந்துகொண்டே போகும். வீட்டில் பாதி மிஞ்சினால் வெட்டிய பக்கத்தை இறுக்கமாக மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளைக்குள் சமைத்துவிடுங்கள்.